அப்பா விழுந்த காட்சி

திருவள்ளூர்த் தியேட்டரில் அந்தப் படத்தைப் பார்க்கப் போன ஞாயிற்றுக்கிழமை, எங்கள் சொந்தக்காரர்களே ஒரு வரிசை முழுவதையும் அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். சர்ச்சில் காலைப் பூசை முடிந்த கையோடு சொந்த ஊரான கடம்பத்தூரில் ரயிலேறி வந்தவர்கள். தாத்தா, அதாவது என் அப்பாவின் அப்பா, கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டை அணிந்து நடுவில் உட்கார்ந்திருந்தார். அவர் வாழ்நாளில் பார்த்த சினிமாக்களை ஒரு கை விரல்களுக்குள் அடக்கிவிடலாம். அன்று அவருடைய மகனே திரையில் வரப்போகிறான்.

இடைவேளைக்குச் சற்று முன்னால் அப்பா வந்தார். ஒரு பெரிய வீட்டின் வாசல். அப்பா கூலிக்காரர். தோளில் கிடந்த துண்டை எடுத்து அக்குளில் இடுக்கிக்கொண்டு, உள்ளங்கையால் வாயைப் பொத்தியபடி, நேராக வராமல் உடம்பை ஒரு பக்கமாகத் திருப்பிக்கொண்டு வந்தார். முதலாளி ஏதோ கத்தினார். அப்பா முதலில் முழங்காலை ஊன்றினார், பிறகு கைகளை, கடைசியில் நெற்றியை. முதலாளியின் காலடியில் நெடுஞ்சாண்கிடையாகக் கிடந்தார். முன்வரிசையிலிருந்து விசில் பறந்தது. "செம்மயா வுழுந்தான்டா!" என்று எவனோ கத்தினான். நாங்கள் எல்லாரும் கை தட்டினோம். என் அத்தை அழுதுகொண்டே தட்டினாள்.

திரும்பிப் பார்த்தபோது தாத்தாவின் இருக்கை காலியாக இருந்தது. அம்மா என்னைப் பார்த்துவரச் சொன்னாள். வெளியே ஒட்டியிருந்த படத்தின் போஸ்டருக்கு முதுகைக் காட்டியபடி தாத்தா நின்றிருந்தார். "தல வலிக்குது கண்ணு. நீ போய் உங்கப்பாவப் பாரு" என்றார். நான் ஏழாம் வகுப்புப் பெண். தலைவலி என்றால் தலைவலிதான் என்று நம்புகிற வயது. ஓடிப்போய் என் இடத்தில் உட்கார்ந்துகொண்டேன்.

அப்பா நடிகரானதே ஒரு விபத்து மாதிரிதான். எங்கள் குடும்பத்தில் பாட்டன் பூட்டன் காலத்திலிருந்து எல்லாரும் பிறர் நிலத்தில் நாற்று நட்டவர்கள், அறுத்தவர்கள். கம்பெனி வேலைக்குப் போன முதல் ஆள் அப்பா. கும்மிடிப்பூண்டியில் இரும்புக் கம்பி உருட்டும் ஆலை ஒன்றில் வேலை. ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் வாடகை வீடு. இயந்திரச் சத்தத்துக்கு மேலே பேசிப் பேசி அவருக்கு ஒரு கனத்த தொண்டை வாய்த்திருந்தது. அதைக் கேட்ட பங்குச் சாமியார், ஏசுவின் பாடுகளை நடிக்கும் தபசு கால நாடகத்தில் அவரைப் பிலாத்து ஆளுநராக நிறுத்தினார். சிவப்புத் துணியைத் தோளில் போட்டுக்கொண்டு அப்பா பேச ஆரம்பித்தால், மைக் கெட்டுப்போனாலும் கடைசி வரிசை வரைக்கும் கேட்கும்.

அதைப் பார்த்த ஆலை நண்பர் ஒருவர் சென்னையிலிருந்த ஒரு நாடகக் குழுவில் அவரைச் சேர்த்துவிட்டார். காலை ஷிப்டு முடிந்ததும் குளித்து, கரி போகாத நகங்களோடு லோக்கல் ரயில் ஏறி ஒத்திகைக்குப் போவார். மேடையில் அவர் நீதிபதி, போலீஸ் அதிகாரி, ஒரு தடவை ஜமீன்தார். அம்மாவும் நானும் சில நாடகங்களுக்குப் போயிருக்கிறோம். ஜமீன்தாராக வந்த அப்பா பிரம்பை ஊன்றிக்கொண்டு ஒரு பார்வை பார்த்தார். எனக்கே எழுந்து நிற்கத் தோன்றியது. மேடையில் அவர் குனிந்து நான் பார்த்ததில்லை.

சினிமாவுக்கு அவரைக் கூப்பிட்டவர் அந்த ஜமீன்தாரைப் பார்த்துவிட்டுத்தான் கூப்பிட்டார். ஆனால் கேமரா முன்னால் அவருடைய முகத்துக்கும் நிறத்துக்கும் ஜமீன்தார் பொருந்தவில்லையாம். கூலிக்காரர் வேஷம் கொடுத்தார்கள். அந்த நாளின் கதையை அப்பா வீட்டில் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறார். எப்படி விழ வேண்டும் என்று டைரக்டர் நடித்துக் காட்டினாராம். அப்பா, "நான் ஒரு தரம் பண்ணிக் காட்டட்டுமா சார்?" என்று கேட்டாராம். அவர் விழுந்து எழுந்தபோது அந்த இடமே பேச்சற்றுப் போயிருந்ததாம். டைரக்டர் வந்து கட்டிப்பிடித்து, "இத எங்கய்யா கத்துக்கிட்ட?" என்றாராம். "அப்படியே வந்துச்சு சார்" என்று அப்பா சொன்னாராம். கதையில் இந்த இடம் வரும்போது மட்டும் அவருடைய குரல் இறங்கும். வேகமாக அதைத் தாண்டிப் போய்விடுவார்.

படம் ஓடியது. அடுத்த இரண்டு படங்களிலும் அதே மாதிரி வேஷம். வேறு வாசல், வேறு முதலாளி, அதே துண்டு. சினிமா கம்பெனிகளில் அவருடைய பெயர் யாருக்கும் தெரியாது. "அந்த வுழுறவரக் கூப்புடு" என்றால் போதும். கும்மிடிப்பூண்டி ஸ்டேஷனில் பள்ளிப் பையன்கள் அவரைப் பார்த்து அக்குளில் நோட்டை இடுக்கிக்கொண்டு வளைந்து காட்டுவார்கள். அப்பா சிரித்துக்கொண்டே கையசைப்பார். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

பிறகொரு நாள் தாத்தா எங்கள் வீட்டுக்கு வந்தார். சொல்லிவிட்டு வரவில்லை. கடம்பத்தூரிலிருந்து சென்னை போய், அங்கே ரயில் மாறி, கேட்டுக் கேட்டு வந்திருக்கிறார். கும்மிடிப்பூண்டிக்கு அவர் வந்தது அந்த ஒரு முறைதான். அம்மா கொடுத்த தண்ணீரைக்கூடக் குடிக்காமல் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தார். நான் மூலையில் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தேன். அப்பா ஷிப்டு முடிந்து வந்து சட்டையைக் கழற்றுவதற்குள் தாத்தா ஆரம்பித்துவிட்டார்.

"பெரிய ஊட்டுக்காரரு படத்தப் பாத்தாராம்டா. டீக்கடையாண்ட கூப்ட்டாரு. 'இன்னாடா, உம்புள்ள அப்பிடியே உன்ன மாதிரியே வுழறான். எனக்கு உன்னப் பாக்குற மாதிரியே இருந்துச்சி'ன்னு சொன்னாரு. சிரிச்சிக்கினே சொன்னாரு. அவரே டீ வாங்கிக் குட்த்தாரு. ஊரே அங்கதான் இருந்துச்சி."

அப்பா அவிழ்த்த பொத்தான்களை மறுபடி போட்டுக்கொண்டார்.

"நீ எங்கடா பாத்த?"

"இன்னா நைனா?"

"அன்னிக்கி உன்ன செவுத்தப் பாத்துக்கினு நில்லுன்னு சொன்னேன் இல்ல? நீ நிக்கலியா?"

அன்றைக்கு என்ன நடந்தது என்பதை அம்மாதான் பின்னால் எனக்குச் சொன்னாள். அப்பாவுக்கு அப்போது பத்து வயது இருக்குமாம். கோடையில் ஒரு காலை, தாத்தா வேலை செய்த நிலத்தின் சொந்தக்காரரான பெரிய வீட்டுக்காரரின் பம்ப்செட் தொட்டியில் இறங்கிக் குளித்துவிட்டார். எங்கள் தெருப் பிள்ளைகள் அந்தத் தொட்டியைத் தொடக்கூடாது. பிடித்து வைத்துக்கொண்டு தாத்தாவுக்கு ஆள் அனுப்பினார்கள். வயலில் இருந்த தாத்தா சேற்றுக் காலோடு ஓடி வந்தார். ஈரத்தோடு நடுங்கிக்கொண்டிருந்த மகனைப் பார்த்ததும், "நீ அந்தாண்ட செவுத்தப் பாத்துக்கினு நில்லுடா. நான் சொல்ற வரைக்கும் திரும்பாத" என்று சொல்லி, மோட்டார் அறையின் சுவரைப் பார்த்து நிற்க வைத்தார். அதற்குப் பிறகுதான் துண்டை எடுத்து இடுக்கிக்கொண்டார்.

"அங்கயேதான் நைனா நின்னேன்" என்றார் அப்பா. "நீ சொன்ன வரைக்கும் திரும்பல."

"அப்பறம் எப்பிடிடா?"

அப்பா தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "வெயிலு பின்னாடி அட்சிக்கினு இருந்துச்சி. செவுத்துல உன் நெழலு தெரிஞ்சிச்சி."

வெளியே ஒரு சரக்கு ரயில் போய் முடிந்தது.

"இத்தினி வருசமும் நீ பாக்கலன்னு நெனச்சிக்கினு இருந்தேன்டா" என்றார் தாத்தா. அவ்வளவுதான். திட்டவில்லை. அம்மா சாப்பிடச் சொல்லிக் கெஞ்சினாள். அடுத்த ரயிலுக்குப் போய்விட்டார். அப்பா ஸ்டேஷன் வரைக்கும் பின்னாலேயே போனார். ஆனால் பக்கத்தில் போகவில்லை என்று அம்மா சொன்னாள்.

அதற்குப் பிறகு அப்பா விழவில்லை. "வேற எது குட்த்தாலும் பண்றேன் சார், அது மட்டும் வேணாம்" என்று சொல்லிப் பார்த்தார். "அதுக்குத்தான்யா உன்னக் கூப்புடுறதே" என்று சிரித்தார்கள். கொஞ்ச நாள் வாட்ச்மேன், பிணம், கூட்டத்தில் ஒருவர் என்று வந்துகொண்டிருந்தது. பிறகு அதுவும் நின்றது. அவர் ஆலையில் ஓய்வு பெறும் வரை கம்பி உருட்டினார். நாடகக் குழுவுக்கும் போவதை விட்டார். ஏன் என்று கேட்டதற்கு, "பிரம்ப எடுத்துக்கினு நிக்கவும் முடியல" என்று அம்மாவிடம் சொன்னாராம்.

ஆனால் நான் சொல்ல வந்தது அவருடைய தொழில் போனதைப் பற்றி இல்லை. தாத்தா மாறிப்போனார். ஊருக்குப் போகும்போதெல்லாம் பார்த்தேன். அப்பா இருக்கும் இடத்தில் அவர் தோளில் துண்டு போடவே மாட்டார். அப்பா எதிரில் சாப்பிட மாட்டார். நடந்துபோகும்போது மகனை முன்னால் போகச் சொல்லிவிட்டுப் பின்னால் வருவார். வீட்டுக்குள் வந்த திருடனிடம் ஒருவர் எப்படி ஜாக்கிரதையாக இருப்பாரோ, அப்படித் தன் மகனின் கண்களிடம் ஜாக்கிரதையாக இருந்தார். அப்பாவும் அதைப் புரிந்துகொண்டு, தாத்தா முன்னால் தலையைக் குனிந்தே உட்கார்ந்திருப்பார். ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளாமல் இரண்டு பேரும் நெல் விலை பேசுவார்கள், மழை பேசுவார்கள். தாத்தா இறந்து கிடத்தியிருந்தபோதுதான் அப்பா அவருடைய முகத்தை நிதானமாகப் பார்த்தார். அப்போதும் கொஞ்ச நேரத்தில் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

பெரிய வீட்டுக்காரர் வெகுகாலம் இருந்தார். தாத்தாவின் சாவுக்குத் தெருமுனை வரை வந்து, நல்ல மனுஷன் என்று சொல்லிவிட்டுப் போனார். அவருக்கு வெட்கமாக இருந்ததா என்று நான் இப்போதும் நினைத்துப் பார்ப்பேன். இருந்ததாகத் தெரியவில்லை. அவர் பங்கையும் சேர்த்து எங்கள் வீட்டில்தான் சுமந்தோம்.

அம்மா போன பிறகு அப்பா என்னோடு திருவள்ளூரில் இருக்கிறார். முழங்கால் இரண்டும் தேய்ந்துவிட்டன. நான் காக்களூரில் மின்சாரப் பெட்டிகள் செய்யும் ஒரு கம்பெனியில் ஆபீஸ் வேலை பார்க்கிறேன். போன மாதம் எங்கள் ஆபீஸ் வாட்ஸாப் குழுவில் ஒரு வீடியோ வந்தது. பழைய படத்திலிருந்து வெட்டியெடுத்த சின்னத் துண்டு. அப்பா வளைந்து வந்து விழுகிறார். கீழே, 'மேனேஜரிடம் லீவு கேட்கும்போது நாம்' என்று எழுதியிருந்தார்கள். வரிசையாகச் சிரிப்பு முகங்கள். எனக்குக் காது சூடேறிவிட்டது. பக்கத்து மேசைப் பெண்ணிடம் மட்டும் மெதுவாகச் சொன்னேன், "இது எங்கப்பா."

அவள் வாயில் கை வைத்துக்கொண்டாள். நான் எதிர்பார்த்த அர்த்தத்தில் இல்லை.

"இன்னாக்கா சொல்ற! உங்கப்பா ஆக்டரா? இத்தினி நாளா சொல்லவே இல்ல?"

சாயங்காலத்துக்குள் ஆபீஸ் முழுவதும் தெரிந்துவிட்டது. மேனேஜரே வந்து கை கொடுத்தார். அப்பாவோடு போட்டோ எடுத்துக்கொள்ள வீட்டுக்கு வரலாமா என்று இரண்டு பேர் கேட்டார்கள். யாரும் கெட்டவர்கள் இல்லை. நான் வெட்கப்பட்டதை அவர்கள் தன்னடக்கம் என்று எடுத்துக்கொண்டார்கள். பம்ப்செட்டைப் பற்றியும் சுவரைப் பற்றியும் அந்த இடத்தில் யாரிடம் சொல்வது? ஆமாம் ஆமாம் என்று சிரித்துவைத்தேன். பக்கத்து மேசைப் பெண் அந்த வீடியோவை எனக்குத் தனியாகவும் அனுப்பியிருந்தாள், வீட்டில் காட்டச் சொல்லி. நான் அதை அழிக்கவும் இல்லை, திறக்கவும் இல்லை.

என் போனில் என் மகள் அதைப் பார்த்திருக்கிறாள். அவள் ஆறாவது படிக்கிறாள். தன் தாத்தா நடித்தவர் என்று கேள்விப்பட்டிருக்கிறாளே தவிர, அவர் நடித்ததைப் பார்த்தது அதுதான் முதல் முறை. எத்தனை தடவை போட்டுப் போட்டுப் பார்த்தாளோ தெரியாது.

பள்ளியில் சுற்றுலா அழைத்துப் போகிறார்கள், நான் வேண்டாம் என்று சொல்லியிருந்தேன். சனிக்கிழமை காலை நாஷ்டாவுக்கு உட்காரப் போகும் நேரம். அப்பா ஜன்னலோரம் நாற்காலியில் இருந்தார். குளித்துவிட்டு வந்த மகள், தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து அக்குளில் இடுக்கிக்கொண்டாள். உள்ளங்கையால் வாயைப் பொத்தினாள். உடம்பை ஒரு பக்கமாகத் திருப்பிக்கொண்டு என் முன்னால் வந்தாள். முழங்கால், கை, நெற்றி. ஈரத் தலைமுடி என் பாதத்தில் பட்டது. "அம்மா, டூருக்கு அனுப்புங்கம்மா" என்று குரலை நடுக்கிச் சொன்னாள். துளிப் பிசகில்லை. செய்துவிட்டு, தலையை மட்டும் தூக்கி, பாராட்டுக்காகத் தன் தாத்தாவைப் பார்த்தாள்.

அப்பா நாற்காலியின் கைகளைப் பிடித்து எழுந்தார். அந்த முழங்கால்களோடு அவர் அவ்வளவு வேகமாக எழுந்து நான் பார்த்ததில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டே வந்து, குனிய முடியாமல், கையை மட்டும் அவளுக்கு நீட்டினார். அவள் பிடித்துக்கொண்டு எழுந்தாள்.

"நல்லா பண்ணேன்ல தாத்தா?"

"நல்லா பண்ண." அப்பா அவள் கையை விடவில்லை. "ஆனா அது உன்து இல்ல கண்ணு. என்துங்கூட இல்ல. எங்க நைனாவோடது. எடுக்கக்கூடாது."

அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. ஏதோ பொருளைக் கேட்காமல் எடுத்துவிட்டவள் போல முகம் சுருங்கிப்போனாள். அப்பா தானே அவள் அக்குளிலிருந்து அந்தத் துண்டை உருவி, உதறி, அவள் தோளில் போட்டுவிட்டார்.

பிறகு என் பக்கம் திரும்பினார். என்னைப் பார்க்கவில்லை. என் பாதங்களைப் பார்த்தார். குழந்தை விழுந்தபோது எங்கே இருந்தனவோ, அவை அங்கேயேதான் நின்றுகொண்டிருந்தன. அப்போதுதான் எனக்கு உறைத்தது. நான் காலைப் பின்னால் இழுத்துக்கொள்ளவே இல்லை.