சூளையைத் திறந்தவன்

மலாக்காவின் காஜா பெராங்கில் தேங்காய்ச் சிரட்டைக் கரி சுட்ட அந்த மனிதர்மேல் எனக்கு இன்றும் கோபம் தீரவில்லை. ஒடிசலான உடம்பு, பாதி பொசுங்கிய புருவம். சூளைத் துளையில் வரும் புகையில் விரலை நீட்டி முகர்ந்து பார்ப்பார். வெள்ளைப் புகை என்றால் ஈரம் போகிறது, மஞ்சள் என்றால் சிரட்டை தன் சூட்டிலேயே வேகிறது என்பார். நீலமாக வந்ததும் எல்லாத் துளைகளையும் மண்ணால் அடைத்துவிடுவார்.

சுதந்திர விழாவில் சாத்தே இறைச்சிக் குச்சிகளைச் சுடக் கரி கேட்டிருந்தார்கள். நான் அங்கே கணக்கெழுதும் கிராணி. அடைத்த மூன்றாம் நாள் சுவரைத் தொட்டுப் பார்த்தேன்.

"ஆறிப்போச்சு, தொறங்க" என்றேன்.

"வெளியதாங்க ஆறியிருக்கு கிராணி. உள்ள காத்துக்கு ஏங்கிக்கிட்டுக் கெடக்கு. இப்பத் தொறந்தா பத்திக்கும். நாளைக்குத் தொறப்போம்."

கரிக்காரர் எனக்குப் பாடம் சொல்வதா? அவர் சாப்பிடப் போனதும் வாசல் மண்ணை நானே இடித்தேன். காற்றுப் பட்டதும் குப்பென்று பற்றியது. ஓடிவந்தவர் வெறுங்கையால் சேற்றை அள்ளி அப்பினார். மிஞ்சியது சாம்பல்தான்.

முதலாளித் தவுக்கே அவரைத்தான் வாய்க்கு வந்தபடி ஏசினார். அன்றே வேலையைவிட்டு நிறுத்தினார். நான் பக்கத்தில்தான் நின்றேன், வாயைத் திறக்கவில்லை. அவரும் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. கொப்பளித்த கையோடு என்னிடம் வந்தார்.

"அடுத்த சூளைக்கு ஒரு நாள் கூடுதலா ஆற விடுங்க கிராணி."

அவ்வளவுதான். போய்விட்டார்.

திட்டியிருக்கலாம் அந்த மனிதர். ஓர் அறையாவது விட்டிருக்கலாம்.