கோல்ப் ஆட்டத்துக்குள் போய் விழுந்த பேர்கள்

புரோகிராம் எழுதிப் பிழைக்கிறவனின் ஆயுளில் பாதி, தொலையாத கோப்புகளைத் தேடுவதிலேயே போய்விடும். கோப்பு எங்கும் போயிருக்காது. நாம்தான் வேறெங்கோ நின்றுகொண்டு தேடுவோம். என் தொழில்காரர்கள் யாராவது இதைப் படித்தால் பெருமூச்சு விடலாம். மற்றவர்கள் சிரித்துக்கொள்ளுங்கள், எனக்கு ஆட்சேபம் இல்லை.

தொண்ணூறுகளின் பிற்பாதியில், பதுளையில் ஓர் இரும்புக்கடையின் மாடியில் எங்கள் கம்பெனி இருந்தது. தேயிலைத் தோட்டங்களுக்குச் செக்ரோல் புரோகிராம் செய்து விற்றோம். செக்ரோல் என்றால் தொழிலாளரின் வருகைப் பதிவு. ஒரு நாள் வேலைக்கு ஒரு பேர். கொழுந்து நிறை குறைந்தால் அரைப்பேர். பேர் விழாவிட்டால் மலைக்குப் போனதே கணக்கில்லை.

ஆளில்லாத தோட்டம்

எங்கள் புரோகிராமுக்கு ஒரு மகத்தான குணம். பேர்களைச் சேமித்த கோப்பு எங்கே இருக்கிறது என்று அதற்குத் தெரியாது. எந்த டைரக்டரியில், அதாவது கோப்புகள் கிடக்கிற எந்த அறையில், நின்று அதைக் கூப்பிடுகிறோமோ அங்கேயே தேடும். கிடைக்காவிட்டால் வெட்கமே இல்லாமல் வெறுமையாகப் புதிதாக ஒன்றை உண்டாக்கிக்கொள்ளும். "பிழை காட்டினால் வாடிக்கையாளர் பயப்படுவார்" என்று அப்படிச் செய்யச் சொன்னது எங்கள் முதலாளி.

ஹல்துமுல்லைக்குக் கீழே ஒரு தோட்டத்தின் பெரிய கிளாக்கர் மாரிமுத்து ஒருநாள் வேறு டைரக்டரியில் நின்று அதைத் தட்டிவிட்டார். தொழிலாளர் வேலைக்குமுன் வரிசையாகக் கூடுகிற காலைப் பெரட்டு நேரம். உடனே போன் வந்தது.

"சார், நம்ம தோட்டத்துல ஒருத்தர்கூட இல்லன்னு கம்பியூட்டர் சொல்லுது. அப்ப வெளிய பெரட்டுல நிக்கிறது யாருங்க?"

கண்ணுக்குத் தெரியாத வேலை

நான் முதலாளியிடம் போனேன். எங்கிருந்து கூப்பிட்டாலும், புரோகிராம் முதலில் தன் கோப்பின் முழுப்பாதையை வேரிலிருந்து கணக்கிட்டுக்கொள்ள வேண்டும்: எந்த டிரைவ், எந்த டைரக்டரி, அதற்குள் எது. நடுவில் 'இங்கே', 'ஒரு படி மேலே' என்று குறிக்கிற புள்ளிகள் இருந்தால் அவற்றையும் தீர்த்துவிட வேண்டும். ஒரு கிழமை கொடுங்கள் என்றேன். அவர் யாழ்ப்பாணத்துப் படித்த மனிதர். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்தால் அவருடைய பதில் இல்லை என்பதுதான்.

"உது கண்ணுக்குத் தெரியாத வேலை. கண்ணுக்குத் தெரியாததுக்கு ஆர் தம்பி காசு தருவினம்?"

ஒரு சாய்கோடு

தோட்டத்துப் புகாரை எப்படியாவது தீர்க்கிற வேலை என் சக ஊழியன் ரவியிடம் போனது. ரவி எதையும் ஒரு பகலில் முடிப்பான், பிறகு அடுத்தவன் ஒரு வருஷம் அழுவான். ஹல்துமுல்லைத் தோட்டத்தில் சி டிரைவ் நிறைந்திருந்ததால், கோப்பின் பெயருக்கு முன்னால் 'டி' என்று போட்டு ஒரு முக்காற்புள்ளி வைத்தான். அதற்குப் பிறகு வர வேண்டிய சாய்கோட்டை விட்டுவிட்டான்.

விண்டோஸுக்கு முந்திய டாஸில் அந்தச் சாய்கோடு இல்லாவிட்டால் அது முழுப்பாதை ஆகாது. 'டி டிரைவில் கடைசியாக எங்கே நின்றாயோ அங்கே' என்றுதான் அர்த்தம். அங்கே கடைசியாக நின்றவர் தோட்டத்தை நடத்துகிற துரை. காலை தவறாமல் அலுவலகக் கம்பியூட்டரில் கோல்ப் விளையாடிவிட்டுத்தான் அவர் மலை பார்க்கப் போவார். அவர் எழுந்ததும் மாரிமுத்து செக்ரோலைத் திறப்பார். இப்படித் தோட்டத்து ஜனத்தின் பேரெல்லாம் கோல்ப் ஆட்டத்தின் டைரக்டரிக்குள் விழுந்துகொண்டிருந்தது. பிளாப்பியில் பிரதி எடுக்கிற கட்டளையோ, பழைய இடத்திலிருந்த பழைய கோப்பையே விசுவாசமாகப் பிரதி எடுத்துக்கொண்டிருந்தது. அந்தச் சாய்கோட்டைப் பற்றி நான் ரவியிடம் கேட்டேன்.

"வேலை செய்யுதுதானே மச்சான். வேலை செய்யிறத ஏன் நோண்டுற?"

விசிட்டிங் ஏஜென்ட் வருகிறார்

தோட்டங்களைச் சோதிக்கக் கொழும்பிலிருந்து வருகிற விசிட்டிங் ஏஜென்ட் என்றால் துரைமாருக்கு எமன். அவர் வருகிறார் என்று தெரிந்ததும், தொழிலாளர் குடியிருக்கிற லயத்து வாசலுக்குச் சுண்ணாம்பு, பங்களா வேலிக்குக் கத்தரி, எல்லாம் நடக்கும். நம்முடைய துரை கூடுதலாக ஒரு வேலை செய்தார். கோல்ப் டைரக்டரியை அடியோடு அழித்தார். அந்த மாதப் பேர்களும் அதோடு போயின.

மாரிமுத்து போன் பண்ணினார். அழிந்த கோப்பின் மேல் வேறெதுவும் எழுதாதவரை மீட்கலாம், யாரும் கம்பியூட்டரைத் தொடக் கூடாது என்று சொல்லிவிட்டு பஸ் ஏறினேன். பெரகலயில் இறங்கி, அடுத்த பஸ்ஸுக்குக் காத்து, போய்ச் சேர்ந்தபோது ஏஜென்ட் புறப்பட்டுப் போயிருந்தார். துரை கம்பியூட்டர் முன்னால் உட்கார்ந்து பந்தை அடித்துக்கொண்டிருந்தார். பேர்கள் இருந்த இடத்தில் இப்போது புல்தரை. மாரிமுத்து என்னை ஓரமாகக் கூட்டிப்போய்ச் சொன்னார்:

"நான் சொன்னேனுங்க. ஏஜென்ட்டு போய்ட்டாரேன்னு தொரை ஆட்டத்த மறுபடி ஏத்திட்டாருங்க."

ஜன்னலில் செல்வராணி

துரை தீர்ப்புச் சொன்னார். யார் எத்தனை நாள் வந்தார்கள் என்று தெரியாததால், அந்த மாதம் முழுக்க எல்லாருக்கும் அரைப்பேர். நியாயஸ்தர்!

கொழுந்து எடுக்கிற செல்வராணி நிறைமாதக்காரி. பிரசவ சகாயம் கிடைக்க, குறித்த அளவு நாள் பேர் விழுந்திருக்க வேண்டும். அவளுக்கு அது அந்த மாதத்தோடுதான் நிறைகிறது. அரைப்பேர் போட்டால் எட்டாது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு அலுவலக ஜன்னலில் நின்றாள். "மலைக்குப் போனது நெசமுங்க. எங்க வச்சீங்கன்னு தெரியாதது நீங்க. பேரு வெட்டுறது மட்டும் எனக்கா?" என்றாள்.

எனக்கு வந்த ஆத்திரத்தில் ஒரு காகிதத்தை எடுத்து மேசையில் வைத்தேன். "பேர் எப்படி அழிந்தது என்று நான் கொழும்புக்கு அறிக்கை எழுத வேண்டும் சார். கோல்புக்குச் சரியான பெயர் என்ன? எழுத்துப் பிழை வரக் கூடாது" என்று துரையிடம் கேட்டேன். அவர் முகம் போன போக்கைப் பார்க்க எந்த பஸ்ஸிலும் வரலாம். மாரிமுத்துவைப் பார்த்துச் சொன்னார்:

"எல்லாருக்கும் முழுப்பேர் போடுங்க. ரிப்போர்ட்ல கம்பியூட்டர் பழசுன்னு எழுதிடுங்க."

முதலாளியின் ஞானம்

பதுளைக்குத் திரும்பி, யாரிடமும் கேட்காமல் அந்த முழுப்பாதை வேலையை எழுதி முடித்தேன். விண்டோஸ் வந்து, இரண்டாயிரமும் பிறந்து, அந்தக் கம்பெனி மூடப்படும் வரைக்கும் அதில் ஒரு புகாரும் வரவில்லை. முதலாளி மட்டும் முதல்நாளே என் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்து, கண்ணாடியைத் துடைக்காமலே சொன்னார்:

"உந்த வேலையை நீர் முதலிலேயே செய்திருக்கலாமே தம்பி."

செல்வராணிக்குப் பேர் விழுந்தது என் புரோகிராமால் அல்ல, ஒரு துரைக்கு இருந்த பயத்தால் என்பதைத்தான் இத்தனை வருஷமாக என் தொழில் அனுபவம் என்று சொல்லிக்கொண்டு திரிகிறேன்.