யாரும் பதில் சொல்லாத வகுப்பு

யாராவது கேள்வி கேட்டு, யாரும் பதில் சொல்லாமல் இருந்தால் இன்றைக்கும் எனக்கு இருப்புக்கொள்ளாது. ஏழு வயதில் பிடித்த பயம் அது.

தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்த எங்கள் அத்தைக்கு, எல்ல என்ற ஊரில் ஒரு ஹோட்டலில் வரவேற்பு மேசை வேலை தருவதாகச் சொல்லியிருந்தார்கள். ஆங்கிலம் பேசினால் விளங்கிக்கொள்வாள் என்று ஒரு சான்றிதழ் மட்டும் வேண்டும். அதற்கு ஞாயிற்றுக்கிழமைகளில் பண்டாரவளையில், ஒரு புடவைக் கடையின் மேல்மாடியில் வகுப்பு. அப்பா தன் தங்கச்சியைத் தனியாக அனுப்பமாட்டார். காவலுக்கு என்னை அனுப்பினார். பஸ் பள்ளத்தில் விழுந்துவிடுமோ என்று வழியெல்லாம் நான் அழுததில், அத்தைதான் எனக்குக் காவலாக வந்தாள்.

கடைசி வாங்கில் என்னை உட்காரவைத்தார்கள். அன்று சிறு பரீட்சை. "ஒரு தடவதான் போடுவேன். நல்லா காதக் குடுத்துக் கேளுங்க," என்று சார் சீடியைப் போட்டார்.

பெட்டிக்குள்ளிருந்து ஒரு துரை இங்கிலீஷில் பேசினார். பிறகு ஏதோ கேட்டார். ஒருவரும் வாய் திறக்கவில்லை. மறுபடி கேட்டார். அத்தை பென்சிலைக் கடித்துக்கொண்டு குனிந்திருந்தாள்.

எனக்குத் தோட்டத்து ஞாபகம் வந்துவிட்டது. அங்கே காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் பெயர் கூப்பிடும்போது குரல் கொடுக்காவிட்டால் அன்றைக்கு வேலை இல்லை, லயத்து வீட்டுக்குத் திரும்ப வேண்டியதுதான். அத்தையையும் திருப்பி அனுப்பிவிடுவார்களே! துரை மூன்றாவது முறை கேட்டபோது வாங்கின்மேல் ஏறிக் கத்தினேன்.

"ஐயா! எங்க அத்தை வந்திருக்குங்க! இந்தா இருக்குங்க!"

வகுப்பு சிரித்த சிரிப்பில் மிச்சக் கேள்வி எதுவும் யார் காதிலும் விழவில்லை. "பதில எழுதணும் புள்ள, கத்தக்கூடாது," என்றார் சார். வேறு வழியில்லாமல் முதலிலிருந்து போட்டார். இரண்டாம் தடவை கேட்டதும் அத்தை மளமளவென்று எழுதினாள்.

அடி விழும் என்று நினைத்தேன். அத்தை முட்டை ரோல்ஸ் வாங்கித் தந்தாள். "இனிமே வாயே தொறக்கமாட்டேன் அத்தை," என்று அந்த ரோல்ஸின் மேலேயே சத்தியம் செய்தேன். "பேசாம தின்னுடி," என்றாள்.

சான்றிதழ்ப் பரீட்சை நாளில் அப்பா தானே வருவதாகச் சொன்னார். "வேணாண்ணே, புள்ள வந்தாத்தான் எனக்குத் தைரியம்," என்றாள் அத்தை. எனக்குப் பெருமை தாங்கவில்லை. இந்த முறை என்னைத் தன் பக்கத்திலேயே இருத்திக்கொண்டாள்.

துரை பேசத் தொடங்கினார். இரண்டாவது கேள்வியில் அத்தை என் தொடையைக் கிள்ளினாள். நான் சத்தியத்தை நினைத்துக்கொண்டேன். மூன்றாவதில் பிடித்துத் திருகினாள். கண்ணில் நீர் முட்டியது. பல்லைக் கடித்தேன். ஒரு முனகல்கூட வெளியே விடவில்லை.

"பாத்தீங்களா அத்தை, நான் சத்தமே போடல!" என்றேன், படியிறங்கும்போது.

"ஆமாடி. இன்னைக்குத்தான் ஒனக்கு வாய் செத்துப்போச்சு."

சான்றிதழ் கிடைக்கவில்லை. அத்தை இன்னும் ஒரு வருடம் கூடை சுமந்தாள். ஆனால் அன்று பஸ்ஸில் எனக்கு இருந்த கவலை வேறு. கத்தினதற்கு ரோல்ஸ் வாங்கித் தந்தவள், இவ்வளவு வலியிலும் வாயை மூடிக்கொண்டிருந்ததற்குக் கடைப்பக்கம்கூடத் திரும்பவில்லையே என்று, சிவந்த தொடையைத் தடவிக்கொண்டே வந்தேன்.