பெயர் மாற்றத்துக்கு ஒன்பது ஆட்சேபனை

காரணம் என்று போட்டிருந்த கட்டத்தில் அந்தப் பெண் எழுதியிருந்தது இவ்வளவுதான்: 'இது ஒரு சரக்குக் கப்பலின் பெயர். எனக்கு வேண்டாம்.'

எங்கள் பெயர் மாற்றப் பிரிவுக்கு வருகிறவர்கள் அந்தக் கட்டத்தில் 'சொந்த விருப்பம்' என்று இரண்டே வார்த்தையில் முடித்துக்கொள்வார்கள். நானும் வாயைத் திறக்காமல் முத்திரை குத்திவிடுவேன். இருபத்திரண்டு வருடத்தில் ஒரு கப்பலைக் கொண்டுவந்து என் மேஜைமேல் நிறுத்தியவர் இவர் ஒருவர்தான். சரியான காரணமாக எழுதிக்கொண்டு வாருங்கள் என்று விண்ணப்பத்தைத் திருப்பிக் கொடுத்தேன். மறுநாள் வந்தார். அதே காரணம், கொஞ்சம் பெரிய எழுத்தில்.

அது என்ன பெயர் என்று கேட்காதீர்கள். கோப்பை மூடிய பிறகு உள்ளே இருக்கும் பெயரை வெளியே சொல்லக் கூடாது என்பது அலுவலக விதி. ஓய்வு பெற இன்னும் மூன்று வருடம் இருக்கிறது, எனக்கு ஏன் வம்பு? மூன்றே எழுத்து. சொன்னால் வாய்க்கு இதமாக இருக்கும். அதற்கு முன் நான் கேள்விப்பட்டதே இல்லை.

மூன்று முறை அவரை அலையவிட்டதில் அவருடைய கதை முழுக்க என் காதுக்கு வந்து சேர்ந்தது. அப்பா துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். வேலை கிடைத்தால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை. ஒரு தடவை ஒரு சரக்குக் கப்பலில் தொடர்ந்து பதினேழு நாள் வேலை கிடைத்தது. அவர் வாழ்க்கையில் முதல் தடவையாகக் கை நிறையச் சம்பளம். அதே வாரத்தில் பெண் குழந்தை பிறந்தது. கப்பலின் மூக்கில் வெள்ளை எழுத்தில் இருந்ததை அப்படியே எடுத்துக் குழந்தைக்கு வைத்துவிட்டார். கப்பல் எந்த நாட்டுடையது, அந்த வார்த்தைக்கு என்ன அர்த்தம், எதுவும் அவருக்குத் தெரியாது.

பெண்ணுக்கு மூன்று வயதாகும்போது அவர் வேறொரு கப்பலில் வேலைக்கு ஏறினார். போனவர் போனவர்தான். கடிதம் இல்லை, ஆள் மூலமாக ஒரு சேதி இல்லை. அதற்குப் பிறகு அம்மாவின் நாக்கில் அந்தப் பெயர் ஏறவே இல்லை. "பெரியவளே" என்றுதான் கூப்பிடுவாராம். பெரியவள் என்று சொல்ல வீட்டில் சின்னவள் யாரும் கிடையாது. பள்ளிக்கூடத்தில் வருகைப்பதிவு எடுக்கும் டீச்சர் அந்த இடம் வந்ததும் ஒரு நொடி திக்குவார். பின்பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் பையன்கள் 'பாம்ம்' என்று கப்பல் சங்கு ஊதுவார்கள். இதைச் சொல்லும்போது அவர் சிரித்தார். எனக்குத்தான் அந்தப் பையன்களைத் தேடிப் போய் முட்டிபோட வைக்கலாமா என்றிருந்தது.

வளர்ந்து, மின்சாரம் நின்றுபோனால் ஜனங்கள் கூப்பிட்டுத் திட்டுவதற்கென்று வைத்திருக்கும் தொலைபேசிப் பிரிவில் வேலைக்குச் சேர்ந்தார். முதல் நாளே மேற்பார்வையாளர், இந்தப் பெயரைச் சொன்னால் ஆளுக்கு மூன்று தடவை திருப்பிக் கேட்பான், நேரம் போய்விடும் என்று சொல்லி, தெருவுக்கு நாலு பேர் வைத்திருக்கிற சுலபமான பெயர் ஒன்றை அவர் தலையில் கட்டினார். பதின்மூன்று வருடமாக ஒரு நாளைக்கு நூறு தடவை, 'வணக்கம், நான் இன்னார் பேசறேன்' என்று அந்தப் பெயரைத்தான் சொல்லிவருகிறார். அதைத்தான் இப்போது சட்டப்படி வைத்துக்கொள்ள வந்திருக்கிறார்.

"பதிமூணு வருஷமா ஊர்த் திட்டெல்லாம் வாங்கினது அந்தப் பேருதான் சார். நல்லதோ கெட்டதோ, கூடவே இருந்திருக்கு," என்றார்.

முத்திரை குத்தினேன்.

எங்கள் வழக்கம் என்னவென்றால், பழைய பெயர், புதுப் பெயர் இரண்டையும் தட்டச்சு செய்து முப்பது நாள் அறிவிப்புப் பலகையில் ஒட்டிவைப்போம். ஆட்சேபனை இருப்பவர்கள் எழுதிக் கொடுக்கலாம். அதற்கென்று என் மேஜைமேல் ஒரு மரப்பெட்டி உண்டு. எவன் பெயரை எவன் மாற்றினால் எவனுக்கு என்ன? யாரும் எழுதுவதில்லை. அதனால் அந்தப் பெட்டியில் நான் பிஸ்கட் வைத்திருந்தேன்.

பத்தொன்பதாவது நாள் காலையில் ஒரு வேன் டிரைவர் வந்தார். மகளின் பிறப்புச் சான்றிதழில் தேதி தப்பாக இருக்கிறதென்று பக்கத்து ஜன்னல் வரிசையில் நின்றவர், பலகையைப் பார்த்தபடி வரிசையை விட்டு விலகிவிட்டார். பின்னாலிருந்தவர்கள் முன்னால் போனதுகூட அவருக்கு உறைக்கவில்லை. நேராக என்னிடம் வந்து, இந்தப் பெயரில் ஊரில் எத்தனை பேர் இருப்பார்கள் என்று கேட்டார். நானென்ன ஜனத்தொகைக் கணக்கா எடுக்கிறேன் என்று எரிந்து விழுந்தேன். மனிதர் கோபித்துக்கொள்ளவில்லை.

"என் பொண்ணு பேரும் இதுதான் சார். இந்தப் பேரு இருந்ததாலதான் அவ இருக்கா," என்றார்.

மகள் ஏழு மாதத்திலேயே பிறந்துவிட்டவளாம். ஒரு சர்க்கரைப் பாக்கெட் எடைதான். கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருந்தார்கள். தாய்க்கு ஜன்னி கண்டு, சுரந்த பாலும் நின்றுவிட்டது. இப்படிப்பட்ட குழந்தைகளுக்காக அந்த ஆஸ்பத்திரியில் மற்ற தாய்மார்கள் கொடுத்துவிட்டுப் போகும் பாலைச் சுத்தப்படுத்திச் சேர்த்து வைக்கும் அறை ஒன்று இருந்தது. பாட்டில்களில் எண் மட்டும்தான் ஒட்ட வேண்டும், கொடுத்தவர் பெயர் இருக்கக் கூடாது என்பது அங்கே விதி. ஆனால் ஐஸ் தண்ணீர் பட்டு எண் ஒட்டிய காகிதமெல்லாம் உரிந்து உரிந்து விழுந்தது. எது யாருடையது என்று தெரியாமல் தவித்த நர்ஸ், ஒருநாள் பொறுமையிழந்து, அழியாத நீல மையில் பாட்டில் மேலேயே பெயரை எழுதிவிட்டார். அதையே பழக்கமாகவும் ஆக்கிக்கொண்டார். விதியை மீறுகிறவர்களைக் கண்டாலே எனக்கு ஆகாது. இந்த நர்ஸுக்கு மட்டும் கோயில் கட்டலாம்.

இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை, ஐம்பத்து மூன்று நாள், அந்த நீல எழுத்துகள் தாயின் கண்முன் வந்து போயின. வேறு பெயர்களும் இருக்கத்தான் செய்தன. ஆனால் நாலு பாட்டிலில் மூன்று இந்தப் பெயரில் வந்தது. யார் இந்தப் பெண் என்று கேட்டால் நர்ஸ் சொல்ல மாட்டார். தினமும் காலையில் வேலைக்குப் போகும் வழியில் கொடுத்துவிட்டுப் போகிறாள் என்பதோடு சரி. குழந்தை இரண்டு கிலோ தாண்டி வீட்டுக்குக் கிளம்பிய அன்று, என்ன பெயர் என்று பதிவேட்டில் எழுதக் கேட்டார்கள். புருஷனும் பெண்டாட்டியும் கலந்துகூடப் பேசவில்லையாம். ஒரே நேரத்தில் சொன்னார்கள்.

அந்த ஆஸ்பத்திரி வராந்தாவில் மாதக்கணக்காகக் கூடவே உட்கார்ந்திருந்த குடும்பங்கள் இன்னும் ஒன்றோடொன்று தொடர்பில் இருந்தன. இன்னும் எட்டுக் குடும்பங்கள் அதே பாட்டில்களைப் பார்த்து அதே பெயரைத் தங்கள் பெண்ணுக்கு வைத்திருந்தன. வேன் டிரைவர் ஆட்சேபனைப் படிவம் கேட்டு வாங்கி, என் மேஜையிலேயே குனிந்து எழுதினார். 'இவர் பெயரை மாற்றிக்கொண்டால், இது யார் பெயர் என்று என் மகள் கேட்கும்போது நான் யாரைக் காட்டுவேன்?' ஐந்து நாளுக்குள் அவர்களிடமிருந்தும் எட்டுப் படிவம் வந்தது. என் பிஸ்கட் இழுப்பறைக்குக் குடிபோனது.

எனக்கு மனசு கேட்கவில்லை. பிறப்புப் பதிவுப் பிரிவில் இருக்கும் நண்பரை நச்சரித்துப் பதிவேட்டைப் புரட்ட வைத்தேன். இந்தப் பெயர் முதன்முதலில் பதிவானது அந்தத் துறைமுகத் தொழிலாளியின் பெண்ணுக்கு. பிறகு முப்பது வருடம் ஒன்றுகூட இல்லை. பிறகு ஒன்றரை வருடத்துக்குள் ஒன்பது. அதன்பின் வருடத்துக்கு இரண்டு, மூன்று, ஐந்து. சித்தி மகள், மாடி வீட்டுக் குழந்தை, பள்ளியில் கூடப் படிக்கிற பெண்ணின் தங்கை என்று கேட்டவர்களெல்லாம் நன்றாக இருக்கிறதே என்று வைத்துக்கொண்டிருக்கிறார்கள். மொத்தம் நாற்பத்தொன்று. அவர்களில் முக்கால்வாசிப் பேருக்குக் கப்பலும் தெரியாது, பாட்டிலும் தெரியாது.

ஆட்சேபனை எதுவும் எந்தப் பிரிவின் கீழும் வராது, தள்ளுபடி செய்துவிடலாம் என்று எங்கள் அதிகாரியிடம் சொன்னேன். அதிகம் பேசாத அம்மாள் அவர். படித்துப் பார்த்துவிட்டு, ஆட்சேபனை வந்தால் விசாரணை வைக்க வேண்டும் என்று விதி இருக்கிறதா இல்லையா என்று கேட்டார். இருக்கிறது என்றேன். அப்படியானால் வையுங்கள் என்றார்.

இங்கேதான் நான் ஒரு தப்புப் பண்ணினேன். விண்ணப்பித்தவருக்கு அனுப்பும் கடிதம் அச்சடித்த கடிதம். 'உங்கள் விண்ணப்பத்துக்கு ஆட்சேபனை வந்துள்ளது, நேரில் வரவும்.' யாரிடமிருந்து, ஏன் என்று அதில் எழுத இடமில்லை. கடிதம் கிடைத்த அன்றே அவர் போன் செய்தார்.

"யாரு சார் ஆட்சேபனை? அவரா?"

எனக்கு ஒன்றும் புரியவில்லை.

"எங்கப்பா வந்திருக்காரா சார்?"

இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். விசாரணைக்கு முன்னால் எதுவும் சொல்லக் கூடாது, வந்து தெரிந்துகொள்ளுங்கள் என்று பெரிய சட்ட மேதை மாதிரி போனை வைத்துவிட்டேன். நாலு நாள் அவர் கண்ணே மூடவில்லை என்று பிறகு தெரிந்தது. அதைக் கேட்டபோது என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ள வேண்டும் போலிருந்தது. வீட்டில் சொன்னேன். அடிக்க ஆள் வேண்டுமா என்று மனைவி கேட்டாள்.

விசாரணை நாளில் ஒரு மணி நேரம் முன்னாலேயே வந்துவிட்டார். அறைக்கு வெளியே நீள நடையின் கோடியில், ஜன்னலோரப் பெஞ்சில் உட்கார்ந்தார். மடியில் கைப்பை, கையில் நாலாக மடித்த காகிதம். வயசான ஆண் யாராவது படியேறி வந்தால் சட்டென்று நிமிர்ந்து முகத்தைப் பார்ப்பார். பக்கத்து ஜன்னலுக்கு வந்த ஒரு கிழவரை அவர் பார்த்த பார்வையில் அந்த மனிதர் பயந்து வேறு வரிசைக்குப் போய்விட்டார். முப்பத்தெட்டு வருடமாகத் தொண்டைக்குள் வைத்திருந்ததை எழுதிக்கொண்டு வந்திருக்கிறார் என்று எனக்குப் புரிந்துபோயிற்று. பேசப் போனால் விசாரணைக்கு முன் பேசக் கூடாது என்ற விதி. போகாவிட்டால் மனசு குத்தியது. தண்ணீர் மட்டும் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

பத்தரைக்கு அதிகாரி அழைத்துவிடச் சொன்னார். விண்ணப்பித்தவர் பெயரை வாசலில் நின்று உரக்கக் கூப்பிட வேண்டும், மூன்று தடவை வரைக்கும். இந்த வேலையில் எனக்கென்று ஒரு தகுதி உண்டென்றால் அது என் தொண்டைதான். வாசலுக்கு வந்து, மூச்சை இழுத்து, அந்த மூன்றெழுத்தைக் கூப்பிட்டேன்.

"வந்துட்டேன்!"

படிக்கட்டிலிருந்து ஒரு குரல். அதன்மேல் இன்னொன்று. பிறகு மூன்று நாலு சேர்ந்து. ஒருத்தி வாய் நிறைய எதையோ மென்றுகொண்டே பதில் சொன்னாள். இரண்டு வேனில் வந்து இறங்கிய குடும்பங்கள் அப்போதுதான் மேலே ஏறிக்கொண்டிருந்தன. ஒன்பது பெண்களும் தங்களைத்தான் கூப்பிடுகிறார்கள் என்று திமுதிமுவென்று ஓடிவந்து என் எதிரே நின்றார்கள். பத்து, பதினோரு வயது. ஒருத்திக்குக் கண்ணாடி, ஒருத்திக்குக் கோரைப்பல் ஒன்று இல்லை, ஒருத்தி என் தோள் உயரம். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

ஜன்னலோரத்தில் உட்கார்ந்திருந்தவர் மட்டும் பதில் சொல்லவில்லை. எழுந்திருக்கவும் இல்லை. வாய் கொஞ்சம் திறந்திருந்தது.

நான்தான் போய் உள்ளே அழைத்துவந்தேன். வேன் டிரைவர் நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னார். கண்ணாடிப் பெட்டி, ஐம்பத்து மூன்று நாள், நீல மை. கேட்டுக்கொண்டிருந்தவருக்கு முதலில் தன்னைத்தான் சொல்கிறார்கள் என்றே பிடிபடவில்லை. பிறகு மெதுவாகச் சொன்னார். அவருடைய மகன் பிறந்த சமயம் அது. பையன் சரியான சோம்பேறி, நாலு வாய் குடித்துவிட்டுத் தூங்கிவிடுவான். பால் கட்டிக்கொண்டு உயிர் போகிற வலி. நர்ஸ் கேட்டுக்கொண்டதால் இவர் பதினாறு மாதம் ஐஸ் பையில் எடுத்துவந்து கொடுத்தார். வேறொன்றுமில்லை. இதைப் புருஷனுக்குத் தவிர யாருக்கும் சொன்னதுகூட இல்லை.

"வீணாப் போறதைத்தானே குடுத்தேன்," என்றார். ஏதோ தப்புச் செய்து மாட்டிக்கொண்டவர் போலத்தான் அதைச் சொன்னார்.

வேன் டிரைவரின் மனைவி எழுந்து அவர் பக்கத்தில் வந்து நின்றார்.

"உங்க முகம் தெரியாது, வீடு தெரியாது. உங்க பேரைத் தவிர எங்களுக்கு ஒண்ணுமே தெரியாதுக்கா. அதனால அதையே வெச்சிக்கிட்டோம்."

அதிகாரி, விண்ணப்பித்தவர் எழுத்தில் ஏதாவது கொடுக்க வேண்டுமா என்று கேட்டார். அவர் கையிலிருந்த காகிதத்தை ஒரு நிமிடம் பார்த்தார்.

"இல்ல மேடம். இது வராதவருக்கு எழுதினது," என்று பைக்குள் வைத்துவிட்டார்.

பெண்கள் ஒன்பது பேரும் சுவரோரமாக வரிசையாக நின்று அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டு போனார். கடைசி முகம் வரைக்கும் போய்விட்டு மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தார். கண்ணாடி போட்டவள் பொறுக்கமாட்டாமல், மாற்றப் போகிறீர்களா என்று கேட்டேவிட்டாள். அவர் என் பக்கம் திரும்பினார்.

"சார், இன்னொரு தடவை கூப்பிடுங்க."

அதிகாரியைப் பார்த்தேன். மூன்றில் ஒன்றுதானே ஆகியிருக்கிறது என்றார். எத்தனையோ ஆயிரம் பெயர்களைக் கூப்பிட்ட தொண்டை இது. மறுபடி வாசலுக்குப் போனேன். அந்தக் காலை நேரத்தில் அந்த வாசலில் நிற்க எனக்குக் கொடுத்துவைத்திருந்ததே என்று, நன்றி சொல்ல ஆள் தெரியாமல் நின்றேன். பிறகு மூச்சை இழுத்துக் கூப்பிட்டேன்.

ஒன்பது குரல் உடனே வந்தது. பத்தாவது, பெரிய குரல், கொஞ்சம் தாமதமாக வந்தது.