நாற்பத்தொன்றாம் நம்பர் சட்டை

கஞ்சியாருக்கு வயது எழுபத்தொன்பது. பெற்றவர்கள் வைத்த பெயர் வேறு. அது வாக்காளர் பட்டியலில் மட்டும் பத்திரமாக இருக்கிறது. தெருவுக்கு அவர் கஞ்சியார்தான். சலவைக்கடை வைத்திருப்பது அதற்குப் பாதிக் காரணம். கழுத்துவரை பொத்தான் போட்டு, முதுகை வளைக்காமல், சிரிப்பைக்கூட அளந்து சிரிப்பார் என்பது மீதிக் காரணம். ஆளையே கஞ்சி போட்டு எடுத்த மாதிரி இருக்கிறார் என்று எந்த வாயாடி முதலில் சொன்னானோ, பெயர் ஒட்டிக்கொண்டது.

கடைக்குள் நுழைந்தால் இடது பக்கம் இரண்டு துவைக்கும் மெஷின்கள், வலது பக்கம் நீள மேஜை, அதன்மேல் இஸ்திரிப் பெட்டி, மேஜைக்கு நேர் மேலே சுவரில் பழைய முதலாளியின் படம். பின்னால் ஜன்னல் இல்லாத ஓர் அறை. கஞ்சியார் பிறந்ததே அந்த அறையில்தான். அங்கே பிறந்த பிள்ளை இன்றைக்கு மொத்தக் கடைக்கும் சொந்தக்காரர் என்றால், நல்ல கதையாகத்தான் தோன்றும். கொஞ்சம் பொறுங்கள்.

வேலைக்கு வருகிறவர்களிடம் அவர் முதல் நாளே சொல்லிவிடுகிற சட்டம் ஒன்று உண்டு. வாடிக்கையாளர் துணி யார் உடம்பிலும் ஏறக் கூடாது. சலவைக்கடையில் வேலை பார்த்தவர்களுக்கு இந்தச் சபலம் தெரியும். கண்ணெதிரே நூறு நல்ல சட்டை தொங்குகிறது. ஒரு விசேஷத்துக்கு ஒன்றைப் போட்டுக்கொண்டு போய், மறுநாள் துவைத்து மடித்து வைத்துவிட்டால் எந்தக் கொம்பன் கண்டுபிடிக்கப் போகிறான்? எல்லாக் கடையிலும் நடக்கிற விஷயம்தான். கஞ்சியார் கடையில் மட்டும் நடக்காது. சாயங்காலம் வேலை முடித்துக் கிளம்புகிற ஒவ்வொருவர் காலரையும் திருப்பி, உள்ளே, யார் துணி என்று தெரிய மையால் போடுகிற சலவைக் குறியும் நம்பரும் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் அனுப்புவார். அவருக்கே மொத்தம் நாலு சட்டைதான், நாலும் ஒரே சாம்பல் துணி. “இதைத் தவிர வேற எதை நான் போட்டிருந்தாலும் போலீஸ்ல சொல்லிடுங்க” என்பார். வேடிக்கைக்குச் சொல்கிறார் என்று நினைத்துச் சிரித்தவர்கள் அவர் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொள்வார்கள்.

அவருடைய அப்பாவும் இதே கடையில், இதே மேஜையில் இஸ்திரி போட்டவர். கஞ்சியாருக்கு ஏழு வயது இருக்கும்போது ஒரு நாள் சாயங்காலம், வாடிக்கையாளர் ஒருவரின் கோடு போட்ட சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போனார். திரும்பவில்லை. நாலைந்து நாள் கழித்து முதலாளி வந்து அம்மாவிடம், “கடைச் சட்டை இன்னும் நாலைக் காணோம். எடுத்துக்கிட்டு ஓடிட்டான். இனிமே வரமாட்டான், தேடாதே” என்று சொன்னார்.

ஊர் வாயை மூட உலைமூடி ஏது? பளபளவென்று சட்டை போட்டுக்கொண்டு சாயங்கால வேளையில் ஒருவன் எதற்குப் போவான், எவளோ ஒருத்தி காத்திருந்திருப்பாள் என்று நாலு பேர் கூடித் தீர்ப்பு எழுதிவிட்டார்கள். அம்மாவும் அதையே நம்பினாள். எழுத்து வாசனை இல்லாதவள், முதலாளி சொன்னதை நம்பாமல் யாரைப் போய்க் கேட்பாள்? அதே கடையில் துணி அலசி மகனை வளர்த்தாள். சாகிறபோதும், “எங்கேயோ நல்லாத்தான் இருப்பான்” என்று வயிறெரிந்துதான் செத்தாள்.

பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் ‘சட்டைத் திருடன் மகன்’ என்றார்கள். அதுகூடப் பழகிப்போய்விட்டது. பழகாதது வேறொன்று. பெற்ற பிள்ளையைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் ஒருவர் போகிறார் என்றால், அந்தப் பிள்ளை என்ன தப்பு செய்திருக்கும்? ஏழு வயதில் உள்ளே விழுந்த அந்தக் கேள்வி எழுபத்தொன்பதிலும் அங்கேயேதான் கிடந்தது. மனைவியோடு வாழ்ந்த ஐம்பது வருடத்தில் ஒரு நாள்கூட அவர் வீட்டுக்குத் தாமதமாகப் போனதில்லை. வெளியூரில் தங்கியதில்லை. அப்பன் புத்தி தனக்கும் இருக்குமோ என்ற பயம். அவர் மனைவி இருந்தவரைக்கும், “எங்க வீட்ல கடிகாரம் எதுக்கு? இவர் செருப்புச் சத்தம் கேட்டா மணி ஏழு” என்று கிண்டல் செய்வாள். அந்தக் கிண்டலுக்குப் பின்னால் என்ன இருந்தது என்பது அவளுக்கும் தெரியும்.

முதலாளியைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். திருடன் பிள்ளை என்று விரட்டிவிடாமல் படிக்க வைத்தார். மேஜை எட்டாத வயதிலேயே முக்காலி போட்டு ஏற்றித் தொழில் சொல்லிக் கொடுத்தார். பிள்ளையில்லாத மனிதர், கடைசியில் கடையையே எழுதி வைத்துவிட்டுப் போனார். “பெத்தவர் விட்டுட்டுப் போனார். பெறாதவர் தூக்கி விட்டார்” என்று அந்தப் படத்துக்குக் கீழே நின்றுகொண்டு கஞ்சியார் எத்தனை பேரிடம் சொல்லியிருப்பார் என்பதற்குக் கணக்கே கிடையாது.

அவருக்கு ஒரே மகள். நாற்பத்தெட்டு வயதாகிறது, இன்னமும் ‘பாப்பா’தான். ஒரு பத்திரிகை ஆபீஸில், பழைய இதழ்களைப் படமெடுத்துக் கம்ப்யூட்டரில் ஏற்றுகிற வேலை. பக்கத்தைத் திருப்ப வேண்டும், அமுக்க வேண்டும், அடுத்த பக்கம். படிக்க ஆரம்பித்தால் வேலை ஓடாது என்பதால் படிக்காமல் திருப்பப் பழகியவள். அப்படிப்பட்டவள் ஒரு புதன்கிழமை காலை பதினொரு மணிக்கு, ஆபீஸ் நேரத்தில், சாப்பாட்டுப் பையை மார்போடு அணைத்துக்கொண்டு கடைக்குள் வந்து நின்றாள்.

“என்ன பாப்பா, உடம்பு சரியில்லையா?”

“உடம்புக்கு ஒண்ணுமில்லப்பா. நீங்க முதல்ல அந்தப் பெட்டியை அணைச்சுட்டு உட்காருங்க.”

“அட, விஷயத்தைச் சொல்லு. ஒரு சட்டைதான் பாக்கி.”

“அணைங்கப்பா.”

அவள் குரல் அப்படி இருந்தது. அணைத்துவிட்டு முக்காலியில் உட்கார்ந்தார். பாப்பா பையிலிருந்து மூன்று தாள்களை எடுத்தாள். பழைய பேப்பரைப் பிரதி எடுத்த தாள்கள். மூன்று நாளாகச் சாப்பாட்டு டப்பாவோடு சேர்த்துச் சுமந்திருக்கிறாள். ஓரத்தில் எண்ணெய்க் கறை.

“எழுபத்திரண்டு வருஷத்துக்கு முந்தின பேப்பர். படிக்கிறேன், கேளுங்க” என்று ஆரம்பித்தாள். “‘சந்தை வாசலில் கத்திக்குத்து. நேற்று மாலை இரு சுமைகூலிகளுக்கிடையே எழுந்த சச்சரவை விலக்கச் சென்ற வாலிபர் ஒருவர், விலாவில் குத்துண்டு அவ்விடத்திலேயே மாண்டார். அவரது சட்டைக் காலரில் மூன்று புள்ளியும் கீழே ஒரு கோடும் கொண்ட சலவைக் குறியும், 41 என்ற இலக்கமும் காணப்பட்டன. அதைக் கொண்டு, இறந்தவர் வரி ஆபீஸ் குமாஸ்தா என்று போலீஸார் அறிந்தனர்.’”

“மூணு புள்ளி, ஒரு கோடா?”

“ஆமாம்ப்பா. தொலைச்சுடுவேன்னு என் யூனிஃபார்ம்ல எல்லாம் போட்டுக் கொடுப்பீங்களே, அதேதான். அதனாலதான் என் கண்ணு நின்னுச்சு.”

“நம்ம கடைக் குறிதான். அந்தக் காலத்திலேயும் இதே குறிதான். பாவம், யாரோ குமாஸ்தா.”

“குமாஸ்தா சாகலப்பா. மறுநாள் பேப்பர்ல பாருங்க. வெளியூர் போயிருந்த மனுஷன் பெட்டியோட வந்து இறங்கியிருக்கார். வாசல்ல ஒரே கூட்டம், அழுகை. கூட்டத்துல நுழைஞ்சு, ‘யாருங்க செத்தது?’ன்னு கேட்டாராம்.”

கஞ்சியார் சிரித்துவிட்டார். அளக்காமல் வந்த சிரிப்பு. மகள் சிரிக்கவில்லை என்பதைப் பார்த்ததும் நிறுத்தினார்.

“மிச்சத்தையும் படிக்கிறேன்பா. ‘சலவைக்கடை உரிமையாளர் பிரேதத்தைப் பார்வையிட்டார். தமக்குச் சற்றும் அறிமுகமில்லாத நபர் என்றும், மேற்படி சட்டை சில தினங்களுக்கு முன் தமது கடையில் களவு போனது என்றும் தெரிவித்தார்.’”

மெஷின் ஒன்று துணியைச் சுற்றி முடித்து நின்றது. கஞ்சியார் எழுந்து அதைத் திறக்கவில்லை.

“திரும்பப் படி.”

படித்தாள்.

“அவர்தான் தெரியாத ஆளுன்னு சொல்லிட்டாரே. அப்போ வேற எவனோதான். திருடின சட்டைதானே, எவன் கையிலயாவது போயிருக்கும்.” குரலில் கெஞ்சல் இருந்தது. யாருக்காகக் கெஞ்சுகிறோம் என்று அவருக்கே தெரியவில்லை. “பேப்பர்காரன் நூறு எழுதுவான் பாப்பா. நேத்து செத்தவன் இன்னைக்குப் பெட்டியோட வந்து இறங்கலையா?”

பாப்பா மூன்றாவது தாளை அவர் கையிலேயே கொடுத்தாள். கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, விரலை வைத்து எழுத்துக் கூட்டிப் படித்தார். அநாதைப் பிரேதம் என்று தலைப்பு. வயது சுமார் முப்பது. வலது முன்கையில் பழைய சூட்டுத் தழும்பு. உற்றார் உறவினர் எவரும் வராததால் நகராட்சியாரால் அடக்கம் செய்யப்பட்டது. சட்டைப் பையில் இருந்தது ஒரே ஒரு பொருள்: ஒரு சிறுவனின் பாத அளவுக்குக் கத்தரித்து, நான்காக மடித்து வைத்த காகிதம்.

விரல் அந்த வரியிலேயே நின்றது.

இந்த மேஜையின் மேல்தான். பழுப்புக் காகிதத்தில் வெறுங்காலோடு அவரை ஏற்றி நிறுத்தி, அப்பா ஒரு கையால் கணுக்காலைப் பிடித்துக்கொண்டு, பென்சிலால் பாதத்தைச் சுற்றிக் கோடு இழுத்தார். உள்ளங்கால் பக்கம் பென்சில் வந்தபோது கூச்சம் தாங்காமல் துள்ளினார். “ஆடாதடா, அளவு தப்பிடும்” என்று அப்பாவும் சிரித்தார். அப்பாவைப் பற்றி அவரிடம் மிச்சமிருந்தது இது ஒன்றுதான். ஏதோ விளையாட்டு என்று நினைத்திருந்தார். ஓடிப்போனவர் விளையாடியதை நினைத்துச் சந்தோஷப்படுவது அம்மாவுக்குச் செய்கிற துரோகம் என்று, மனைவியிடம்கூடச் சொன்னதில்லை.

“பள்ளிக்கூடத்துல எல்லாரும் ஷூ போட்டு வர்றாங்கன்னு நான்தான் அழுதேன் பாப்பா” என்றார். “சந்தை முனையில கண்ணாடிக் கதவு வச்ச கடை ஒண்ணு இருந்துச்சு. கசங்கின சட்டைக்காரனை உள்ள விடமாட்டான். அதான் அந்தச் சட்டை. அதான்…”

எழுபத்திரண்டு வருடமாக விறைத்துக்கொண்டே நின்ற முதுகு அப்படியே வளைந்தது. மேஜையில் நெற்றியை வைத்து அழுதார். அழுகையிலேயே, “நான் அழுதிருக்கக் கூடாது. நான் ஷூ கேட்டிருக்கக் கூடாது” என்றார்.

பாப்பா அவர் முதுகைத் தடவிக் கொடுத்தாள். “இப்போ இதைப் பிடிச்சுக்கிட்டீங்களா? இத்தனை வருஷம் விட்டுட்டுப் போயிட்டார்னு உங்க மேலேயே பழி. இப்போ உங்களுக்கு ஷூ வாங்கப் போனார்னும் உங்க மேலேயே பழியா? பிள்ளைன்னா கேக்கும், அப்பான்னா வாங்கப் போவார். வழியில ரெண்டு பேர் அடிச்சுக்கிட்டாங்க, விலக்கி விட்டார். இதுல உங்க தப்பு எங்கப்பா இருக்கு?”

வெகுநேரம் கழித்து நிமிர்ந்தார். இப்போதுதான் சுவரைப் பார்த்தார். பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பார்களே, அந்த இரண்டாவது இடம் முதலாளியின் படச் சட்டத்துக்குள் சந்தனநிறக் கோட்டு போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தது. தன் கடையில் வேலை செய்கிறவன் ஊரார் சட்டையைப் போட்டுக்கொள்கிறான் என்று தெரிந்தால் ஒரு வாடிக்கையாளர்கூட மிஞ்சமாட்டார். அந்தப் பயத்தில், பிணமாகக் கிடந்தவன் முகத்தைப் பார்த்து, தெரியாத ஆள் என்று சொல்லிவிட்டு வந்து, அதே வாயால் ஓடிவிட்டான் என்று அம்மாவிடமும் சொன்னவர்.

“என் முகத்தைப் பார்த்துக்கிட்டே முப்பது வருஷம் சாப்பிட்டாரே” என்றார் கஞ்சியார். “எப்படித்தான் இறங்குச்சோ அந்தச் சோறு.”

“கழட்டிடட்டுமாப்பா?” பாப்பா அதற்குள் முக்காலியை இழுத்துவிட்டாள்.

“இருக்கட்டும். அந்த ஆள் மேல நாளைக்குக் கோபப்பட்டுக்கறேன். கோபப்படாம விடமாட்டேன். இன்னைக்கு எனக்கு வேற வேலை இருக்கு. ஷட்டரை இறக்கு.”

“இப்பவா? மணி பன்னிரண்டுகூட ஆகல.”

“சாவு விழுந்த வீட்ல எவனாவது கடை திறந்து வச்சிருப்பானா? இறக்கும்மா.”

அவளுக்குப் புரிய ஒரு நிமிடம் ஆயிற்று. புரிந்ததும் மறுபேச்சுப் பேசாமல் போய் ஷட்டரைப் பாதி இறக்கினாள். கஞ்சியார் மெஷினைத் திறந்து ஈரத் துணியை எடுத்துக் கூடையில் போட்டார். கழுத்துப் பொத்தானைக் கழற்றினார். ஒரு நாற்காலியை எடுத்து வாசலில், ஷட்டருக்கு வெளியே போட்டு, துக்கம் கேட்க வருகிறவர்களுக்கு முகம் காட்டுகிறவர் மாதிரி உட்கார்ந்தார். பாப்பா பக்கத்தில் நின்றாள்.

முதலில் வந்தவர் எதிர்த்தெரு டிரைவிங் ஸ்கூல்காரர். கோட்டு வாங்க வந்தவர், பாதி இறங்கிய ஷட்டரையும் அழுது வீங்கிய இரண்டு முகங்களையும் பார்த்துத் தயங்கினார்.

“என்னங்க கஞ்சியாரே, பட்டப்பகல்ல கடையைச் சாத்திட்டீங்க?”

“வீட்ல சாவு. உங்க கோட்டு நாளைக்குத்தான்.”

“ஐயையோ. யாரு?”

“எங்கப்பா.”

டிரைவிங் ஸ்கூல்காரர் அவரை மேலும் கீழும் பார்த்தார். கஞ்சியாருக்கே எண்பது ஆகப் போகிறது. அவர் அப்பா இத்தனை நாள் இருந்தார் என்பதே தெருவில் யாருக்கும் தெரியாத சங்கதி. இருந்தாலும் துக்கம் விசாரிக்கிற முறை தெரிந்த மனிதர். குரலைத் தணித்து ஆறுதல் சொன்னார்.

“நல்ல சாவுங்க. பேரன் பேத்தி எல்லாம் பார்த்து, நிறைஞ்சு வாழ்ந்திருப்பார். இந்தக் காலத்துல யாருக்குக் கிடைக்குது? எத்தனை வயசு அவருக்கு?”

“முப்பத்தொண்ணு” என்றார் கஞ்சியார். “ஒரே பையன். அவனுக்கு ஏழு வயசு.”