கீரிப்பாறை பஸ்ஸும் ஒற்றை வாசல் விதியும்

"…அப்ப என் வேலைக்கு பஸ்ஸுல இடம் உண்டு, உங்க கம்ப்யூட்டருல இடம் இல்ல. அப்படித்தானே அண்ணே?"

போனில் அவள் கேட்டதும் எனக்குச் சிரிப்புதான் வந்தது. என்ன அழகாகச் சொல்கிறாள் என்று ரசித்துக்கொண்டிருந்தேன். திட்டு எனக்குத்தான் என்பது அப்புறம்தான் உறைத்தது. நல்ல பேச்சு காதில் விழுந்தால் போதும், அது யாரைப் பற்றியது என்கிற யோசனை எனக்குப் பிந்தித்தான் வரும்.

வடசேரி பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில், ஒரு பேக்கரியின் மாடியில் எங்கள் அலுவலகம். மருத்துவமனைகளுக்கு மென்பொருள் எழுதிக்கொடுக்கிறோம். மொத்தம் ஆறு பேர். ஆறாவது ஆள் அவள். கணவன் கத்தாரில். பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்குப் போனவள், கைக்குழந்தையோடு கீரிப்பாறை ரப்பர் எஸ்டேட் குடியிருப்பிலேயே இருந்து வேலை செய்துகொண்டிருந்தாள். அங்கே இணையம் எட்டாது. பஸ் திரும்புகிற இடத்தில் போய் நின்றால் போனில் பேசலாம், அவ்வளவுதான்.

அதனால் அவள் எழுதிய நிரல் பஸ்ஸில் வந்தது. பென் டிரைவை ஒரு மாத்திரை டப்பாவில் போட்டு டிரைவரிடம் கொடுப்பாள். நான் வடசேரியில் வாங்கிக்கொள்வேன். இதில் அதிசயம் ஒன்றுமில்லை. எங்கள் பக்கம் மருந்து, வீட்டுச் சாவி, மறந்து வைத்த மூக்குக்கண்ணாடி எல்லாம் டிரைவர் கையில்தான் ஊர் விட்டு ஊர் போகும். "கவர்மென்டுகாரன் தபால்காரனுக்கு சைக்கிள் குடுத்தான், எனக்கு பஸ்ஸே குடுத்திருக்கான்லா" என்பார் அந்த டிரைவர்.

இப்படிச் சுகமாகப் போய்க்கொண்டிருந்தபோது, புதிதாக வந்த வெளிநாட்டு மருத்துவமனை ஒன்று, நிரப்பித் தரச்சொல்லி ஒரு பாரம் அனுப்பியது. பாதுகாப்புக் கேள்விகள். அதில் ஒன்றில் முதலாளி தடுமாறி நின்றார்.

"புரோட்டோகால்னு கேட்டிருக்கான். இது என்னவாக்கும் மக்கா?"

கிட் என்று ஒரு கருவி உண்டு. ஒரே நிரலை ஆறு பேர் மாற்றி எழுதும்போது, யார் எதை எப்போது மாற்றினார் என்று எல்லாவற்றையும் நினைவில் வைத்திருக்கும். அது வெளியிலிருந்து நிரலை வாங்கிக்கொள்வதற்குப் பல வழிகள் இருக்கின்றன. புரோட்டோகால் என்றால் அந்த வழிகள்தான். அவற்றில் எதை விட்டிருக்கிறீர்கள், எதை அடைத்திருக்கிறீர்கள் என்பதுதான் கேள்வி. முதலாளிக்கு இதை வீட்டு வாசல் கணக்கில் சொன்னேன்.

"நம்ம வீட்டுக்கு எத்தன வாசல் உண்டும்?" என்று கேட்டார்.

"அஞ்சாறு இருக்கும் சார்."

"என்னத்துக்கு? ஒண்ணு போதும். மத்ததுல எல்லாம் ஆணி அடிச்சிரு."

அடித்தேன். இரண்டே வரிதான். எந்த வழியும் ஒருபோதும் கூடாது என்று முதல் வரி. பூட்டுப் போட்ட இணைய வழி மட்டும் எப்போதும் ஆகலாம் என்று இரண்டாவது. நான் கல்லூரி வாசலை மிதித்தவன் இல்லை, எல்லாம் பார்த்தும் கேட்டும் பழகியதுதான். அதனால் இந்த இரண்டு வரியும் நினைத்தபடி வேலை செய்தபோது எனக்கு இருந்த கெத்து கொஞ்சநஞ்சமல்ல. எல்லாக் கணினியிலும் அதை எழுதிவைத்தேன். நிரல் உள்ளே வர ஒரே ஒரு வழிதான் என்று பாரத்தில் நிரப்பினோம். ஐந்து பேர் சுற்றி நின்று சரிபார்த்தோம். முதலாளி கையெழுத்துப் போட்டு அனுப்பினார்.

மறுநாள் காலையில் மாத்திரை டப்பா வந்தது. பென் டிரைவைச் செருகி, உள்ளே எடு என்றேன். கிட் மறுத்துவிட்டது. 'ஃபைல்' என்கிற வழிக்கு அனுமதி இல்லையாம். பென் டிரைவில் இருப்பதை எடுப்பதும் அதன் கணக்கில் ஒரு வழி. அதிலும் ஆணி அடித்திருந்தேன்.

வழிகளை எண்ணிய ஐந்து பேரில் ஒருவருக்குக்கூட கீரிப்பாறை பஸ் ஞாபகம் வரவில்லை. வாரத்துக்கு இரண்டு முறை அதற்காக ரோட்டில் போய்க் காத்து நிற்கிறவன் நான். எனக்கும் வரவில்லை. எங்களுக்கு அது ஒரு வழியாகவே தோன்றவில்லை. அது பஸ்.

"ஆணியப் பிடுங்கட்டுமா சார்?" என்று முதலாளியிடம் கேட்டேன்.

"கையெழுத்துப் போட்டாச்சே டே! இனி பிடுங்கினா பாரம் பொய்யாயிரும்லா. அந்தப் பிள்ளைய இங்க ஹாஸ்டல்ல வந்து நிக்கச் சொல்லு. முடியாதுன்னா இந்த மாசத்தோட நிறுத்திக்கிடட்டும்." கொஞ்சம் யோசித்துவிட்டு, "பைய சொல்லு, என்னா?" என்றார்.

ஆணிக் கதையையும் சேர்த்து, போனில் பையத்தான் சொன்னேன். குழந்தையை ஹாஸ்டலில் சேர்க்க மாட்டார்கள் என்பது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். அதற்குத்தான் அவள் பஸ்ஸில் இடம் உண்டு, கம்ப்யூட்டரில் இல்லையா என்று அந்தக் கேள்வியைக் கேட்டாள்.

"ஆணி அடிச்சது யாருண்ணே?"

"நாந்தான்."

"எதப் பாத்து அடிச்சிய?"

"இன்டர்நெட்டுல ஒருத்தன் எழுதியிருந்தான்."

"கொள்ளாம், ரொம்ப நல்லாருக்கு" என்று சொல்லி போனை வைத்துவிட்டாள்.

மறுநாள் டீ குடிக்க இறங்கியபோது அந்த பஸ் வந்தது; பழக்கதோஷத்தில் ஜன்னலுக்கு நேராகக் கையை நீட்டினேன். "இன்னைக்குப் பார்சல் இல்ல. பார்சல் விடுகவளே வந்தாச்சு, வாங்கிக்கிடும்!" என்றார் டிரைவர். பின்படியில் அவள் இறங்கிக்கொண்டிருந்தாள், இடுப்பில் குழந்தை.

மாடியேறியவள் நேராக முதலாளி அறைக்குப் போனாள். "சார், கொஞ்சம் பிடிங்க" என்று குழந்தையை அவர் மடியில் வைத்தாள். அறைக் கதவுக்கு நேராக இருந்த என் நாற்காலியில் உட்கார்ந்து ஒரு பக்கத்தைத் திறந்தாள். கிட் கூடவே வருகிற கையேடு. எல்லாக் கணினியிலும் சும்மா கிடக்கும், திறக்க இணையம் வேண்டாம்.

"எங்க மலையில ஒருத்தனும் எழுதி வைக்கல பாத்துக்கிடுங்க. அதனால இதத்தான் நேத்து வாசிச்சேன்."

எப்போதும், ஒருபோதும் என்று இரண்டு பதில்தான் எனக்குத் தெரியும். மூன்றாவதாக ஒன்று இருந்தது. ஆள் நேரடியாகக் கேட்டால் மட்டும் கொடு, கருவி தானாகப் போய் எடுக்கிறதென்றால் கொடுக்காதே. ஒரு நிரலுக்குள் இன்னொரு நிரலை ஒளித்து வைத்து, நமக்குத் தெரியாமல் இழுக்க வைக்கிற திருட்டைத் தடுக்கத்தான் அந்த ஏற்பாடு. பென் டிரைவ் வழிக்கு முதலிலிருந்தே அந்தப் பதில்தான் போட்டிருந்ததாம்.

"நீங்க சும்மா இருந்திருந்தாலே சரியாத்தான் இருந்திருக்கும்ணே" என்றாள். அறிவுரை மாதிரிச் சொல்லவில்லை. துக்கம் விசாரிக்கிற மாதிரிச் சொன்னாள்.

முதலாளி குழந்தையின் கையிலிருந்து தன் கண்ணாடியை மீட்கப் பார்த்துக்கொண்டே, "எல்லாம் சரி பிள்ள, பாரம் போயாச்சே. பஸ்ஸுல வருதுன்னு எழுதினா அவன் நம்மள என்ன நெனப்பான்?" என்றார்.

"எழுதாம வாங்கினா என்ன நெனப்பான் சார்?"

"நாளைக்கு யோசிப்போம்" என்றார்.

"நாளைக்கு நான் மலையில இருப்பேன், யோசிக்கது நீங்க ரெண்டு பேருமாக்கும்" என்று சொல்லிவிட்டு, அலுவலக மெயிலைத் திறந்து அடிக்க ஆரம்பித்தாள். அடித்துக்கொண்டே வாசித்தாள். முன்பு அனுப்பிய பாரத்தில் ஒரு வழி விட்டுப்போயிற்று. எங்களில் ஒருவருடைய நிரல் பென் டிரைவில் வருகிறது. இனி அது கடவுச்சொல் போட்டுப் பூட்டி வரும். அரசுப் பேருந்து ஓட்டுநர் கொண்டுவருவார், எங்கள் ஊழியர் ஒருவர் கையில் வாங்குவார். அவராகக் கேட்டால் மட்டுமே கருவி அதை எடுக்கும், இன்னொருவர் பார்த்த பிறகே சேர்க்கப்படும்.

"சார், அனுப்பட்டா?"

முதலாளி எழுந்திருக்கப் பார்த்தார். குழந்தை அவர் சட்டையைக் கொத்தாகப் பிடித்திருந்தது. "பொறு பிள்ள, பொறு. அந்த அரசுப் பேருந்துங்கத மட்டும் எடுத்துட்டு, கூரியர்னு…"

அவள் அனுப்பிவிட்டாள்.