அப்புத்துரையரின் முக்கால் களுசான்

கமலாம்பிகைக்கு அந்தச் சொல்லைக் கேட்டாலே உடம்பு கூசும். முக்கால் களுசான். முழங்காலுக்குக் கீழே இறங்கி, கணுக்காலைத் தொடாமல் நின்றுவிடும் காற்சட்டைக்கு, யாழ்ப்பாணத்திலிருந்து பினாங்குக்கு வந்த மாமனார் காலத்துப் பெயர். முழங்காலுக்கு மேலே நின்றால் அரைக் களுசான். அது சின்னப் பையன்களுக்கு. கணுக்காலை மூடினால் நீட்டுக் களுசான். அது கந்தோர் என்கிற ஆபீஸ் உத்தியோகத்துக்கு. இரண்டுக்கும் நடுவில் நிற்பது, வளர்ந்த பிள்ளைக்குப் புதிது தைக்க வக்கில்லாத வீட்டுக்கு என்று மாமனார் சொல்வாராம். பேத்தி அனுஜா அதையே 'த்ரீ குவார்ட்டர்' என்று ஆசை ஆசையாக வாங்கிப் போடுகிறாள். காலம் மாறிவிட்டது, கமலாம்பிகைதான் மாறவில்லை.

அவள் கணவர் அப்புத்துரை முப்பத்தைந்து வருடம் கிளார்க் வேலை பார்த்தவர். மடிப்புக் கலையாத நீட்டுக் களுசான் இல்லாமல் வாசலுக்கு வராத மனிதர். ஓய்வு பெற்றுப் பதினைந்து வருடம் கழித்து, இனிப்புநீர் என்கிற சர்க்கரை வியாதி அவருடைய இடது குதிகாலுக்கு மேலே ஒரு புண்ணைக் கொண்டுவந்து வைத்தது. ஜெலுத்தோங் கிளினிக்கில் ஒருநாள் விட்டு ஒருநாள் கட்டு மாற்றும் தாதி சபூராதான் யோசனை சொன்னாள்.

"அங்கிள், இந்த சிலுவாரக் கொஞ்சம் வெட்டிப் போடுங்கலா. மடக்கி மடக்கி புண்ணுல உரசுது. ஷூ வேணாம், சிலிப்பர் போதும்."

அன்றைக்கே ஆறு களுசான்களை முகம்மது சுல்தானின் தையல் கடையில் கொடுத்து வெட்டுவித்தார். ஏழாவதைக் கமலாம்பிகை ஒளித்துவிட்டாள். வீட்டுக்கு வந்து காலை நீட்டிக் காட்டி, "எப்பிடி என்ர முக்கால் களுசான்? அப்பா கண்டிருந்தால் வீட்டை விட்டே கலைச்சிருப்பார்" என்று சிரித்தார். அவள் சிரிக்கவில்லை. அதற்குப் பிறகு பசாருக்குக் காய்கறி வாங்கப் போனால் நாலடி முன்னாலேயே நடந்தாள்.

மார்ச் மாதம் யாழ்ப்பாணத் தமிழர் சங்கத்தின் ஆண்டு விருந்து வந்தது. இருபத்திரண்டு வருடம் செயலாளராக உழைத்தவர் என்று அப்புத்துரைக்குப் பொன்னாடை போர்த்தப்போகிறார்கள்.

"வேட்டி கட்டட்டே?" என்று கேட்டார்.

"போன முறை தடக்கி விழப் பார்த்தனீங்கள். இஞ்சாருங்கோ, இண்டைக்கு ஒருநாள் நீட்டுக் களுசான் போடுங்கோ. எல்லாரும் சப்பாத்தோட வருவினம். முக்கால் களுசானோட மேடையில ஏறினால் நான் முகத்தை எங்க வைக்கிறது?"

அவர் நாற்காலியில் உட்கார்ந்து காலை நீட்டினார். "சரி, நீர் ஒளிச்சு வைச்சதைக் கொண்டாரும்."

கட்டோடு கால் சப்பாத்துக்குள் போகவில்லை. கமலாம்பிகை தானே கட்டை அவிழ்த்து, பஞ்சைப் பாதியாக்கி, மெல்லிசாகச் சுற்றினாள். களுசான் நேராக விழுகிறதா என்று தள்ளி நின்று பார்த்தாள். நேராகத்தான் விழுந்தது. விருந்தில் நாலு பேர், "அண்ணை இன்னும் கந்தோருக்குப் போற ஆள் மாதிரி இருக்கிறார்" என்று சொல்லச் சொல்ல அவளுக்கு உச்சி குளிர்ந்தது. ஐந்து மணி நேரம் சப்பாத்தின் விளிம்பு புண்ணை அரைத்துக்கொண்டிருந்தது. மரத்துப்போன கால், அவருக்கே தெரியவில்லை.

வீட்டுக்கு வந்து காலுறையில் இரத்தத்தைக் கண்டதும் அவள் அதைத் துவைத்துப் போட்டுவிட்டு, புதுக் கட்டுப் போட்டாள். மறுநாள் சனிக்கிழமை அவருக்குக் காய்ச்சல் வந்தது. ஆஸ்பத்திரிக்குப் போனால் சப்பாத்துக் கதை வெளியே வருமே என்ற பயம். திங்கட்கிழமை பார்ப்போம் என்று இருந்துவிட்டாள். திங்கட்கிழமை கட்டைப் பிரித்த சபூரா டாக்டரைக் கூப்பிட ஓடினாள். வியாழக்கிழமை முழங்காலுக்குக் கீழே அந்தக் காலையே வெட்டி எடுத்துவிட்டார்கள்.

கோலாலம்பூரிலிருந்து மகன் சிவகரன் ஓடி வந்தான். வந்த வேகத்தில், "புண்ணோட யாராவது ஷூ போடுவாங்களா? யாரும்மா போடச் சொன்னது?" என்று கத்தினான்.

அவள் வாய் திறப்பதற்குள் கட்டிலிலிருந்து குரல் வந்தது. "நான்தான் தம்பி. மேடை ஏறுற ஆசை. அம்மா வேண்டாமெண்டுதான் சொன்னவ."

"எழுவத்தஞ்சு வயசுல உங்களுக்கு என்னப்பா ஸ்டைலு?" மகன், சின்னப் பையனைத் திட்டுவதுபோலத் திட்டினான். அப்புத்துரை எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். பார்க்க வந்த சொந்தக்காரர்களுக்கும் இதே கதைதான். கேட்டவர்கள் கமலாம்பிகையின் கையைப் பிடித்து, "பாவம், நீங்கள் எவ்வளவு சொல்லியிருப்பியள்!" என்றார்கள். அந்தக் கை அவளுக்கு நெருப்பாகச் சுட்டது.

மூன்றாம் நாள் மகன் போன் பேச வெளியே போனபோது அவள் உடைந்துபோனாள். "இனியும் பொய் சொல்லாதேங்கோ. நான் பிள்ளையிட்ட எல்லாத்தையும் சொல்லப் போறன்."

நாற்பத்தாறு வருடத்தில் முதல் தடவையாக அவர் அவளிடம் குரலை உயர்த்தினார். "என்ர கால் போயிட்டுது. உம்மட பேரும் போகோணுமே? எனக்குப் பிறகு நீர் அவன்ர வீட்டிலதானே இருக்கோணும்!"

கதவைத் திறந்துகொண்டு சிவகரன் உள்ளே வந்தான். "என்னம்மா, அப்பா இன்னும் சண்டை போடுறாரா? தப்பும் அவருது, கோபமும் அவருக்கா?"

கமலாம்பிகை அழுதுகொண்டே, ஆமாம் என்று தலையாட்டினாள்.